மறு: மின்பாதைப் பணியில் 'ரிக்கிங்' என்பதற்குத் தமிழ்ச்சொல்

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு,

வணக்கம். மின்பாதைப் பணியாளர் கையேட்டில் 'ரிக்கிங்' என்பதை, அதாவது பளுவான பொருளைக் கயிறும் கப்பியும் கொண்டு கட்டித் தூக்கும் வேலையை, 'வடப்பணி' எனலாம் என்று நேற்று முன்மொழிந்திருந்தீர்கள். தேர்வடத்தை நினைவூட்டும் அச்சொல்லைத் துறைமுகத்துக்கு என்றால் மறுப்பின்றி ஏற்பேன். ஆனால் மின்துறையில் 'மின்வடம்', 'புதைவடம்' என 'வடம்' ஏற்கெனவே கேபிளைக் குறித்து நிலைத்துவிட்டது. கம்பத்தின் மேல் நிற்பவரிடம் கீழிருந்து ஒருவர் 'வடத்தைப் பிடி' என்று கூவினால், அவர் கை கயிற்றுக்குப் போகுமா, மின்னோட்டமுள்ள கேபிளுக்குப் போகுமா என்ற ஐயத்துக்கு நாம் ஆக்கும் சொல்லே இடம் தரக்கூடாது.

ஒலிபெயர்த்தே விடலாம் என்றால், 'ரிக்' என்றதும் நம் ஊரில் திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிதான் கண்முன் வரும்.

என் பரிந்துரை 'தூக்குக்கட்டு'. பளுவைச் சுற்றிக் கட்டிக் கொக்கியில் மாட்டும் கயிறான 'ஸ்லிங்' என்பதற்கு அகராதிகள் தரும் 'கவண்' கல்லெறியும் கருவியாதலால், அதை விடுத்து 'உறி' என்றே கொள்ளலாம். மோர்ப்பானை தொங்கிய உறியிலும் கயிறுகள் கீழே விரிந்து, மேலே ஒரு முடிச்சில் கூடுகின்றன. இங்கே அந்த விரிவுதான் உயிர்நிலை. 1,000 கிலோ மின்மாற்றி ஒன்றை இருகால் உறியில் தூக்கும்போது, கால்கள் கிடைமட்டத்தோடு 60 பாகையில் இருந்தால் ஒவ்வொரு காலிலும் ஏறத்தாழ 577 கிலோவுக்கு ஈடான இழுவிசை ஏறும்; 45 பாகையில் அது 707 ஆகும்; 30 பாகைக்குச் சரிந்தால் ஒவ்வொரு காலும் முழு 1,000 கிலோவையும் சுமக்க நேரும். மின்மாற்றியின் எடை கூடவில்லை, உறிதான் விரிந்தது. ஆகவே 'உறிக்கால்', 'உறிக்கோணம்' ஆகிய இரண்டையும் சேர்த்தே முன்வைக்கிறேன். தூக்கிய பொருள் ஆடி மின்கம்பியை நெருங்காமல் தரையிலிருந்து பிடிக்கும் கயிற்றுக்கு 'வால்கயிறு' பொருந்தும். ஈரமான கயிறு மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், அது உலர்ந்தும் தூய்மையாகவும் இருக்க வேண்டும் என்பதைச் சொல்விளக்கத்திலேயே எழுதிவிடலாம்.

*

ஐயா, வணக்கம்.

'உறி'யை மனமார ஏற்கிறேன். 'உறி விரிந்தால் இழுவை ஏறும்' என்று புதிய பணியாளருக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம். 'தூக்குக்கட்டு'தான் தயக்கம் தருகிறது. அதற்குரிய கயிறு 'தூக்குக்கயிறு' ஆகிவிடுமே. உயரத்தில் வேலை செய்பவர் நாள்தோறும் அச்சொல்லை வாயில் எடுக்க விரும்பமாட்டார். கிரேனைப் 'பளுதூக்கி' என்னும் வழக்கை ஒட்டிப் 'பளுக்கட்டு', 'பளுக்கயிறு' எனலாமா? கப்பிக்குப் புதுச்சொல் வேண்டியதில்லை. ஆனால் கயிறு திரும்பி இணையாக இறங்கும் இடத்தில் கப்பியைத் தாங்கும் கொக்கியின் மீது கயிற்றின் இழுவையைப்போல் இருமடங்கு விழுகிறது. அந்த விசைக்கு ஒரு பெயர் இன்னும் தேவைப்படுகிறது; 'கப்பிச்சுமை' சரிவருமா என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்.