பழைய கூலிக் கொப்பி யாரிட்டயாவது இருக்கா?

வணக்கம் உறவுகளே. பொருளியல் இறுதியாண்டு ஆய்வுக்கு ஒரு உதவி வேணும். 2022 பொருளாதார நெருக்கடியில் இலங்கை அரசாங்கம் கட்டுமான வேலைகளை நிறுத்தினபோது, எங்கட திருகோணமலை மாவட்டத்து மேசன், கையாள், தச்சர் கூலிக்கு என்ன நடந்தது என்று பார்க்கிறேன்.

அரச ஊழியர் சம்பளம் தேடுவது லேசு, சுற்றறிக்கை இருக்கு. 2025 பாதீட்டில் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாயிலிருந்து 40,000 ஆக்குவதாக அறிவித்ததும் ஊருக்கே தெரியும். மேசன், தச்சருக்கு உண்மையில் குடுத்த நாட்கூலியைச் சொல்ல அப்படி ஒரு சுற்றறிக்கை இல்லை. மத்திய வங்கியின் கூலிச் சுட்டெண் நாட்டுக்குப் பொதுவானது. மூதூரில் மேசனுக்கு என்ன குடுத்தார்கள் என்று அது சொல்லாது.

2022 செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் கிட்டத்தட்ட 70 சதவீதம். கூலியும் ஏறினதுதான், ஆனால் அந்த வேகத்திலா? இதில் இன்னொரு சிக்கல்: சாப்பாட்டோட ஒரு கூலி, சாப்பாடில்லாமல் வேறு கூலி. அரிசியும் மீனும் விலை ஏறினால் மத்தியானச் சோறே கூலியில் பெரும்பங்கு. அதை எந்த அட்டவணையிலும் நான் காணவில்லை.

ஆகவே 2019க்குப் பிறகு கிண்ணியா, உப்புவெளி, தம்பலகாமம், மூதூர் பக்கம் வீடு, மதில் கட்டினவர்கள், கொந்துராத்து எடுக்கிற அண்ணாமார், கணக்குக் கொப்பி கிடந்தால் ஒரு படம் எடுத்து இன்பொக்ஸில் போடுங்கோ. திகதி, வேலை, கூலி, சாப்பாடு உண்டா இல்லையா, இவ்வளவும் தெரிந்தால் போதும். ஆட்களின் பெயரை மறைத்துவிடுங்கோ. பெண் தொழிலாளருக்குக் குடுத்த கூலி தனியாக எழுதியிருந்தால் அதைக் கட்டாயம் அனுப்புங்கோ.