மறு: ‘தனியுரிமை நட்பு மின்னஞ்சல்’ – வேறு நல்ல சொல் உண்டா?

அனைவருக்கும் வணக்கம்.

> ‘தனியுரிமை நட்பு’ என்றே போட்டுவிடலாம், எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

எழுதட்டும், ‘privacy-friendly’ என்பதை அப்படியே பெயர்த்ததுதான் அது. ஆனால் ஓர் உரிமையோடு ஒரு கம்பெனி நட்பாக இருக்கிறது என்றால் இங்கே என் வகுப்புப் பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் என்ன அர்த்தம் என்று கேட்பார்கள். ‘தனியுரிமைக்கு உகந்த’ என்றால் இரண்டிலிருந்தும் தப்பிக்கலாம். அதைப் பொதுப்பெயராக வைத்துக்கொள்வோம், அதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை வேறு இடத்தில். இங்கே மொரீஷியஸில், ரோஸ்ஹில் பக்கம் ஒரு கோயில் சங்கத்துக்குத் தமிழிலும் பிரெஞ்சிலும் ஓர் அறிவிப்பு எழுதித் தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்களின் பெயர், போன் நம்பர், அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது, சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா என்பது வரை எல்லாம் செயலாளரின் ஜிமெயில் பெட்டியில் கிடக்கிறது. வேறு இடத்துக்கு மாற கமிட்டி முடிவு செய்துவிட்டது. எந்த இடம் என்பதில்தான் இழுபறி, ஏனென்றால் பார்க்கிற கம்பெனி ஒவ்வொன்றும் ‘மறையாக்கம் (encryption) உண்டு’, அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மடலை மாற்றிவிடுகிறோம், என்கிறது. ஜிமெயிலும்தான் சொல்கிறது, அது பொய்யும் இல்லை. போகிற வழியில் மடலை மறையாக்குகிறார்கள், கிடங்கில் வைக்கும்போதும் மறையாக்குகிறார்கள், சாவி மட்டும் அவர்களிடம். விளம்பரத்துக்காக மடலைப் படிப்பதை நிறுத்துகிறோம் என்று கூகுள் 2017இல் அறிவித்தது. நிறுத்த முடிகிறது என்றால் அதுவரை படிக்க முடிந்தது என்றுதானே பொருள்?

ஆக ‘மறையாக்கம்’ என்ற ஒரே சொல்லை மூன்று வேலைக்கு விட்டிருக்கிறோம். நான் பிரிப்பது இப்படி: நம் கருவிக்கும் சர்வருக்கும், சர்வருக்கும் சர்வருக்கும் நடுவே மட்டும் இருப்பது வழிப்பூட்டு. அனுப்புநர் பூட்டி, பெறுநர் மட்டுமே திறக்கிற வகை இருமுனைப் பூட்டு (‘முனைக்கு முனை’ என்று புழங்குவதுதான், கொஞ்சம் சுருக்கினேன்). மூன்றாவது, வந்து சேர்ந்த மடலை நம் சாவியால் பூட்டி வைத்துவிட்டு, அதன் பிறகு சேவை தருபவரே திறக்க முடியாமல் நிற்பது. இதற்குத்தான் தமிழில் பெயர் இல்லை. நான் முன்வைப்பது தன்சாவி. அப்படிப்பட்ட சேவை தன்சாவி அஞ்சல்.

> வழிப்பூட்டு போதாதா, எதற்கு இத்தனை பிரிவு?

மொரீஷியஸில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? 2021 ஏப்ரலில் இங்குள்ள தகவல் தொடர்பு ஆணையம் ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது. சமூக ஊடகப் போக்குவரத்து முழுவதையும் நடுவில் ஒரு சர்வர் வழியாகத் திருப்பிவிடுவது, பூட்டை அங்கே திறந்து பார்ப்பது, பிறகு அனுப்புவது என்பது திட்டம். உள்ளூரிலும் வெளியிலும் எதிர்ப்பு கிளம்பியதால் நடைமுறைக்கு வரவில்லை. அது உடைக்கப் பார்த்தது வழிப்பூட்டைத்தான். முனையில் பூட்டியதை நடுவில் உட்கார்ந்து திறக்க முடியாது. 2024 தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது, போன் பேச்சுப் பதிவுகள் கசிந்த கையோடு சமூக ஊடகத்தையே அடைக்கச் சொல்லி, மறுநாளே திறந்துவிட்டதும் யாருக்கும் மறந்திருக்காது. இந்த ஊரில் இது புத்தகப் பேச்சு இல்லை.

> ‘மறைவஞ்சல்’ அழகாக இருக்கிறதே.

அழகு சரி, ஆனால் அனுப்பியவரே மறைந்துகொண்டார் என்று ஆகிவிடும். 2021இல் ஸ்விஸ் அதிகாரிகளின் உத்தரவுக்குக் கட்டுப்பட்டு, பிரான்சில் இருந்த ஒரு சூழலியல் ஆர்வலரின் ஐபி முகவரியை (இணையத்தில் எங்கிருந்து நுழைகிறார் என்று காட்டும் எண்) அந்த நாட்டு மின்னஞ்சல் கம்பெனியான புரோட்டான் பதிவு செய்து கொடுக்க வேண்டி வந்தது. மடலை அவர்களால் திறக்க முடியாது, எங்கிருந்து நுழைகிறார் என்பதைப் பார்க்க முடியும். தன்சாவி என்ற சொல் சாவியைப் பற்றி மட்டும் பேசுகிறது, அதற்குமேல் வாக்குக் கொடுப்பதில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது.

இன்னொன்றும் அதில் அடங்குகிறது. சாவி நம்முடையது என்றால் தொலைத்தாலும் நம்முடையதே. கடவுச்சொல்லை மறந்துவிட்டு, மீட்புக் குறியீட்டையும் எழுதி வைக்கவில்லை என்றால், ஜெர்மனியின் டூட்டா அஞ்சலில் கணக்கே போய்விடும். புரோட்டானில் கணக்கு திரும்பினாலும் பழைய மடல் எதுவும் திறக்காது. செயலாளர் பதவி கைமாறுகிற சங்கத்துக்கு இதை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும்.

சாவி போர்த்துக்கீசியச் சொல்லாயிற்றே, ‘திறவுகோல்’ என்றால் என்ன என்று தூய தமிழ் நண்பர்கள் வருவீர்கள், தெரியும். ஜன்னலும் மேசையும் அதே கப்பலில்தான் வந்தன. இங்கே தெருவில் எல்லாரும் கிரியோலில் லக்லே என்கிறார்கள், நான் சாவி வரைக்கும் இழுத்து வந்ததே பெரிது. ‘தன்திறவுகோல் அஞ்சல்’ என்று அறிவிப்புப் பலகையில் எழுதினால் கோயிலுக்கு வருபவர் அர்ச்சனை நேரத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

சொல் வேலை செய்கிறதா என்று பெயர்களை வைத்துப் பார்த்தேன். புரோட்டான், டூட்டா இரண்டும் தன்சாவி. பெர்லினின் போஸ்டியோவும் மெயில்பாக்ஸும் விளம்பரம் இல்லாத, கட்டணம் வாங்குகிற நல்ல சேவைகள், ஆனால் பெட்டியை நம் சாவியால் பூட்டும் வசதியை நாமே போய் இயக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் ஃபாஸ்ட்மெயில் விளம்பரம் போடுவதில்லை, ஆனால் சாவி அவர்களிடம்; தனியுரிமைக்கு உகந்தது, தன்சாவி அல்ல. சங்க உறுப்பினர்களில் பாதிப் பேர் ஜிமெயிலில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் போகிற மடலில், கடவுச்சொல் போட்டு அனுப்பினாலொழிய இருமுனைப் பூட்டு கிடையாது, நம் பக்கப் பிரதிக்கு மட்டும்தான் பாதுகாப்பு. இருமுனைப் பூட்டுக்கும் தன்சாவிக்கும் ஒரே சொல் போட்டிருந்தால் இதைச் சொல்ல எனக்கு ஒரு பக்கம் ஆகியிருக்கும்.

பழக்க வசதிக்குத் தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் செயலியிலேயே பார்க்க வேண்டும் என்கிறவர்களுக்கு டூட்டா சரிப்படாது, வெளிச் செயலி மடலை எடுக்க வேண்டிய ஐமேப் வழியை அது தருவதில்லை. புரோட்டானில் அதற்குக் கட்டணக் கணக்கு வேண்டும். ஆனால் தலைப்பு வரியையும் பூட்டுவது டூட்டாதான், புரோட்டான் தன் சாவியோடு திறந்து பார்க்கக்கூடிய நிலையில் அதை விட்டிருக்கிறது. காவடி மடலின் தலைப்பிலேயே நோயின் பெயரை எழுதுகிற ஆட்கள் எங்களிடம் உண்டு, அதனால் என் ஓட்டு டூட்டாவுக்கு.

> ஒரு சொல்லுக்கு இவ்வளவா?

1998இல் புது ரூபாய் நோட்டில் தமிழுக்கு முன்னால் இந்தியை அச்சடித்துவிட்டு, நோட்டையே திரும்பப் பெற்ற ஊர் ஐயா இது. இவ்வளவுதான்.

எழுத்துமுறை ஒன்று பாக்கி. தன்சாவியஞ்சல் என்று சேர்த்து எழுதுவதா, பிரித்தா? இலக்கணப்படி சேர்ப்பதே சரி என்று அக்கா தனிமடலில் சொன்னார். அறிவிப்பில் பிரித்தே போடுகிறேன், பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும். அகராதிப் பட்டியலில் எப்படி வேண்டுமோ அப்படிப் போடுங்கள்.