எத்தியோப்பியாவில் புதிய பல்கலைக்கழகம்: ஆராய்ச்சியை எங்கிருந்து தொடங்குவது?

துறைவாசி (கேள்வி)

வணக்கம். எத்தியோப்பியாவில் 2007க்குப் பிறகு வந்த அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் வேதியியல் துறைக்காகக் கேட்கிறேன். ஆசிரியர்கள் 22 பேர். முனைவர் பட்டம் உள்ளவர்கள் ஐந்தே பேர். அதிலும் மூவர் இந்தியாவிலிருந்து இரண்டாண்டு ஒப்பந்தத்தில் வந்தவர்கள். எம்.எஸ்சி. ஆய்வேடுகள் ஆண்டுதோறும் முடிகின்றன, ஆனால் அவற்றிலிருந்து கட்டுரை எதுவும் வருவதில்லை. ஆசிரியர்கள் பாடம் எடுத்து, தேர்வுத்தாள் திருத்தி, வீட்டுக்குப் போகிறார்கள்.

நிர்வாகத்தில் மூன்று யோசனைகள் ஓடுகின்றன: ஆளுக்கு ஆண்டுக்கு ஒரு கட்டுரை என்று கட்டாயமாக்குவது, கட்டுரைக்கு ரொக்கப் பரிசு தருவது, இந்த ஆண்டுப் பணத்தில் எச்பிஎல்சி (கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) ஒன்றை வாங்குவது. எதை முதலில் செய்யலாம்? இவை மூன்றுமே தவறென்றால் வேறு எது?

பாடவேளை (பதில்)

மூன்றில் எதுவுமே முதல் வேலை அல்ல. முதலில் உங்கள் துறையின் கால அட்டவணையை எடுத்துப் பாருங்கள். சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

எத்தியோப்பிய அரசுப் பல்கலைக்கழகங்களில் வழக்கமான கற்பித்தல் பளு வாரத்துக்கு 12 விரிவுரை மணிக்குச் சமம். ஆய்வகப் பாடவேளை ஒரு மணி என்றால் அது மூன்றில் இரண்டு பங்காகத்தான் கணக்காகும். 12ஐத் தாண்டினால் மிகைப்பளு ஊதியம். சம்பளத்தை விலைவாசி விழுங்கும்போது அந்தக் கூடுதல் பணத்தை நம்பித்தான் பல குடும்பங்கள் நடக்கின்றன. ஆக, 18 மணி எடுப்பவருக்கு மாதாமாதம் உறுதியான வரவு. ஆராய்ச்சி செய்பவருக்கு இரண்டு ஆண்டு கழித்து, ஒருவேளை, ஒரு கட்டுரை. இந்தக் கணக்கில் யாரும் ஆராய்ச்சிப் பக்கம் வரமாட்டார்கள். அதைச் சோம்பல் என்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

மூன்று விஷயங்களைத் துறை அளவிலேயே செய்துவிடலாம், மேலிடத்தின் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டாம்.

ஆராய்ச்சியில் ஈடுபடுகிற ஆறேழு பேரை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்களுடைய வகுப்புகளைத் தொடர்ந்த மூன்று நாட்களில் அடுக்குங்கள். மீதி இரண்டு நாள் முழுதாகக் கிடைக்கும். அரை மணி, ஒரு மணி என்று சிதறிக் கிடக்கும் ஓய்வுநேரத்தில் ஒரு டைட்ரேஷன்கூட முடியாது.

துறையின் விதைநிதி (ஆராய்ச்சியைத் தொடங்கத் தரும் தொகை) வாங்குபவர் அந்த ஆண்டு 12 மணிக்கு மேல் எடுக்கக்கூடாது என்று எழுதி வையுங்கள். எம்.எஸ்சி. மாணவரை வழிநடத்தும் நேரத்தைப் பளுவில் சேருங்கள். அதைச் சேர்க்காத துறைகளில் வழிகாட்டுதல் கையெழுத்தோடு நின்றுவிடுகிறது.

வாரம் ஒரு கூட்டம் வையுங்கள், 50 நிமிடம், புதன் பிற்பகல். வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்று மதிய இடைவேளை நீளம். வெளியான கட்டுரையை அங்கே வாசிக்கக்கூடாது. பாதியில் நிற்கும் தரவு, நேர்கோடாக வரவே வராத அளவுத்திருத்த வரைபடம், இன்னும் அனுப்பாத முன்மொழிவு, இவற்றைத்தான் கொண்டுவர வேண்டும். "என் பிளாங்க் (மாதிரி சேர்க்காத வெற்றுக் கரைசலின் அளவு) ஏன் இவ்வளவு உயரமாக வருகிறது?" என்று ஒருவர் பலர் முன்னால் கேட்கத் துணியும் நாளில்தான் துறைக்குள் ஆராய்ச்சி நுழைகிறது. வருகைப்பதிவு எடுக்காதீர்கள், வருவதற்குப் படியும் கொடுக்காதீர்கள். படி கொடுத்துத் தொடங்கிய கூட்டம் அந்தப் படி நின்ற வாரமே நின்றுபோகும். முதல் இரண்டு மாதம் ஐந்து பேர்தான் வருவார்கள். அது போதும்.

ஆளுக்கு ஒரு கட்டுரை என்ற கட்டாயம் வேண்டவே வேண்டாம். 22 பேரில் 17 பேருக்கு அதை எட்ட ஒரே வழி, காசு வாங்கிக்கொண்டு மூன்று நாளில் ஏற்றுக்கொள்ளும் போலி இதழ்.

பழைய ஆய்வகம் (பதில்)

எச்பிஎல்சி பற்றி மட்டும் சொல்கிறேன். இப்போது வாங்காதீர்கள்.

வாங்குவது எளிது, ஓட்டுவதுதான் கடினம். எச்பிஎல்சி தரமுள்ள அசிட்டோநைட்ரைல், பிரிப்புக் குழாய் (column), அதைக் காக்கும் முன்குழாய், வடிகட்டி, பம்ப் சீல், டியூட்டீரியம் விளக்கு எல்லாமே வெளிநாட்டுச் செலாவணியில் வருபவை. வங்கியில் இறக்குமதிக்கான கடன்கடிதம் திறந்து, அடிஸ் அபாபா சுங்கத்தில் எடுத்து, உங்கள் ஊர் வந்து சேர ஓராண்டு ஆனாலும் ஆகும். ஒரு சீல் போனால் கருவி அதுவரை மேசை அலங்காரம்.

உங்கள் நிலைக்கு நான் சொல்லும் பட்டியல்: நான்கு தசமத் தராசு இரண்டு, பிஎச் மீட்டர் இரண்டு, கடத்துதிறன் மானி, உலர் அடுப்பு, மஃபிள் உலை, சென்ட்ரிஃபியூஜ், நல்ல வடிநீர் ஏற்பாடு, யூவி-விசிபிள் ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒன்று. மண், நீர், தேன், காபி, தானியம் என்று ஐந்தாண்டுக்கான கேள்விகளை இதை வைத்தே கேட்கலாம். உலோகம் அளக்க வேண்டுமென்றால் ஃபிளேம் ஏஏஎஸ் (சுடரில் உலோக அணுக்கள் உறிஞ்சும் ஒளியை அளக்கும் கருவி). ஆனால் தனிமத்துக்கு ஒரு ஹாலோ கேதோடு விளக்கு வேண்டும் என்பதை ஒப்பந்தப்புள்ளியிலேயே எழுதுங்கள். காட்மியம் அளக்க ஆசைப்பட்டு, தாமிர விளக்கு மட்டும் வந்த கருவியோடு உட்கார்ந்திருப்பது வழக்கமாக நடப்பதுதான். அசிட்டிலீன் உருளையில் அழுத்தம் 700 கிலோபாஸ்கலுக்குக் கீழே இறங்கினால் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் உருளைக்குள் இருக்கும் அசிட்டோன் வாயுவோடு வந்து சுடரையும் குழாய்களையும் கெடுக்கும்.

கொள்முதல் குறிப்பில் தவறக்கூடாதவை: வேதிப்பொருளை அடையாளம் காட்டும் சிஏஎஸ் எண், தூய்மை சதவீதம், தரவகை, பொதியளவு. இவை இல்லாவிட்டால் குறைந்த விலைக்காரர் தொழிற்சாலைத் தரத்தைக் கொண்டுவந்து இறக்குவார், சட்டப்படி நீங்கள் மறுக்க முடியாது. கருவி என்றால் நிறுவுதல், பயிற்சி, இரண்டாண்டுக்கான நுகர்பொருட்கள் எல்லாம் அதே டெண்டரில் இருக்க வேண்டும். பிறகு தனியாகக் கேட்டால் வராது.

மின்சாரம்: கருவியின் வாட் அளவைப் போல ஒன்றரை மடங்கு திறனுள்ள ஆன்லைன் வகை யூபிஎஸ். அதன் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டில் சாகும், அந்தச் செலவை இப்போதே திட்டத்தில் போடுங்கள். உறைபெட்டிக்குக் குறைந்தது மூன்று நிமிடத் தாமதம் உள்ள ஸ்டெபிலைசர். மின்சாரம் போய்ப்போய் வரும்போது கம்ப்ரஸரைக் காப்பது அந்தத் தாமதம்தான். நன்கொடைக் கருவி யாராவது தந்தால் முதலில் தகட்டைப் படியுங்கள். 110 வோல்ட் 60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். எத்தியோப்பியாவில் 220 வோல்ட் 50 ஹெர்ட்ஸ். மின்மாற்றி வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது.

இன்னொன்று, ஊரின் உயரம். கடல்மட்டத்துக்கு மேல் 2,300 மீட்டரில் தண்ணீர் ஏறத்தாழ 92 டிகிரியில் கொதிக்கும். அழுத்தமானியில் 15 பிஎஸ்ஐ காட்டும் ஆட்டோகிளேவ் (நீராவியால் கிருமி நீக்கும் கலம்) அங்கே 121 டிகிரியைத் தொடாது, 117 பக்கத்தில் நின்றுவிடும். 121 வேண்டுமென்றால் மானி 18.5 பிஎஸ்ஐ காட்ட வேண்டும். பாத்திரம் அதைத் தாங்கும் என்று தகட்டில் இருந்தால் மட்டும் ஏற்றுங்கள். தாங்காதென்றால் 15 நிமிடத்துக்குப் பதில் 40 நிமிடம் வையுங்கள். நுண்ணுயிரியல் துறையோடு சேர்ந்து வேலை செய்யும்போது "வளர்ப்பு ஊடகம் கெட்டுக்கொண்டே இருக்கிறது" என்ற புகார் வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

துறைவாசி

மிக்க நன்றி. எச்பிஎல்சியைத் தள்ளிவைக்கலாம் என்று புரிகிறது. அப்படியென்றால் அந்தப் பணத்தில் ஒரு பகுதியை விதைநிதியாகப் பிரித்தால், யாருக்கு, எப்போது, எப்படிக் கொடுப்பது? கடந்த ஆண்டு கொடுத்ததில் பெரும்பகுதி களப்பயணப் படியாகவே போய்விட்டது.

மண்ணும் மழையும் (பதில்)

கொடுக்கும் மாதம்தான் பாதி வெற்றி. எத்தியோப்பிய நிதியாண்டு ஹம்லே 1, அதாவது ஜூலை 8 அன்று தொடங்குகிறது. கிரெம்ட் எனும் முக்கிய மழைப்பருவமும் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான். அங்கே முக்கியத் தானியமான டெஃப்பின் விதைப்பு ஜூலை பாதியிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம். நிதியாண்டு தொடங்கிய பிறகு முன்மொழிவு கேட்டு, பரிசீலித்து, அக்டோபரில் பணம் விட்டால் அந்தப் பருவம் போய்விட்டது. அடுத்த மழைக்குள் நிதியாண்டு முடிந்து பணம் திரும்பிவிடும். பிறகு அறிக்கைக்காக எதையோ அளந்து எழுதுவார்கள். எனவே அழைப்பு ஜனவரியில், தேர்வு மார்ச்சுக்குள், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் மே மாதத்துக்குள், ஜூலை இரண்டாம் வாரம் முதல் தவணை. மண்டலம், வொரேடா (மாவட்டம்), கெபெலே (அதற்குக் கீழே ஊர் அளவுப் பிரிவு) என்று இறங்கும் ஆதரவுக் கடிதங்களுக்கே நான்கு முதல் ஆறு வாரம் ஒதுக்குங்கள்.

தவணை: கையெழுத்தானதும் 40 சதவீதம், மூலத்தரவுக் கோப்பைத் துறையில் ஒப்படைத்ததும் 40, இதழுக்கு அனுப்பிய சான்றுக்கு 20. "வெளியானால்" என்று போடாதீர்கள், அது எழுதியவர் கையில் இல்லை. படிக்கு மொத்தத்தில் 30 சதவீதம் என்று உச்சவரம்பு. அதற்கு மேல் வேண்டுமென்றால் மாதிரி எண்ணிக்கையைக் காட்டி நியாயப்படுத்தட்டும். படியே வேண்டாம் என்பதும் தவறு, களத்துக்குப் போகிறவர் சொந்தக் காசில் சாப்பிட முடியாது.

பத்துப் பேருக்குப் பத்துத் தலைப்பு என்று பிரிக்காதீர்கள். ஒரே நீர்ப்பிடிப்பு, ஒரே ஏரி, அல்லது ஒரே காபி வொரேடா என்று ஒன்றைப் பிடித்து ஐந்தாண்டு அங்கேயே இருங்கள். எத்தியோப்பியாவின் புட்டாஜிரா பகுதியைப் பாருங்கள். 1986இல் ஒன்பது கிராமக் கெபெலேகளும் ஒரு நகரக் கெபெலேயும் என்று தொடங்கிய மக்கள்தொகைக் கண்காணிப்பு அது. அந்த ஒரே களத்தின் மேல் பல முனைவர் பட்டங்கள் எழுந்தன. ஜிம்மா பல்கலைக்கழகமும் கில்கெல் கிபே பகுதியில் அதே வழியில்தான் போனது. ஒவ்வொரு எம்.எஸ்சி. மாணவரும் ஒரு பருவத்தின் நீர், ஒரு கிராமத்தின் மண் என்று எடுத்தால் மூன்றாம் ஆண்டில் உங்களிடம் வேறு யாரிடமும் இல்லாத தொடர் தரவு இருக்கும். தனித்தனி ஆய்வேடுகள் கட்டுரை ஆகாததற்கு முக்கியக் காரணம், தனியாக நின்றால் ஒவ்வொன்றிலும் மாதிரிகள் போதாமல் இருப்பது.

தரவில் வழக்கமாக விழும் ஓட்டைகள் மூன்று. ஒன்று, தேதி. விவசாயி சொல்வதும் சுகாதார நிலையப் பதிவேட்டில் இருப்பதும் எத்தியோப்பிய நாட்காட்டி: 13 மாதம், ஏழெட்டு ஆண்டு பின்னே. ஒருவர் மாற்றி எழுதுவார், இன்னொருவர் அப்படியே எழுதுவார், இரண்டும் ஒரே நெடுவரிசையில் கலந்துவிடும். களத்தில் தரவு சேகரிக்க உதவும் ஓடிகே செயலியில் எத்தியோப்பிய நாட்காட்டித் தோற்றம் இருக்கிறது, அதைப் போட்டுவிட்டால் உள்ளே கிரெகோரியனாகச் சேமிக்கும். இரண்டு, மணி. அங்கே மணியை விடியலிலிருந்து எண்ணுவார்கள். "மூன்று மணிக்கு மாதிரி எடுத்தேன்" என்றால் காலை ஒன்பது. நீரில் கரைந்த ஆக்சிஜன் போன்ற அளவுகளில் இந்த ஆறு மணி வித்தியாசம் முடிவையே புரட்டிப்போடும். மூன்று, நிலப்பரப்பு. டிமாட் என்பது ஒரு ஜோடி எருது ஒரு நாளில் உழும் நிலம். கால் ஹெக்டேர் என்று போட்டுவிடுகிறோம், ஊருக்கு ஊர் அது மாறும். ஜிபிஎஸ் பிடித்து எல்லையை நடந்தே அளக்கச் சொல்லுங்கள்.

மருத்துவ மூலிகையில் இறங்கினால் எத்தியோப்பியாவின் 482/2006 பிரகடனத்தை (சட்டத்தை) படித்துவிடுங்கள். மரபு வளமும் ஊராரின் அறிவும் அதில் வருகின்றன. எத்தியோப்பியப் பல்லுயிர் நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் ஒரு பொட்டலம் இலையைக்கூட சென்னைக்கோ திருச்சிக்கோ "என்எம்ஆர் (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் சோதனை) எடுத்துத் தருகிறேன்" என்று கொண்டுபோகாதீர்கள். நம்மவர்கள் நல்லெண்ணத்தில் செய்வதுதான், ஆனாலும் தவறு தவறுதான்.

நூலகப் படிக்கட்டு (பதில்)

ரொக்கப் பரிசு பற்றிப் 'பாடவேளை' அதிகம் சொல்லவில்லை. நான் அதை முழுதாக எதிர்க்கவில்லை, எதற்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எண்ணிக்கைக்குக் கொடுத்தால் ஒரே தரவை நான்காக நறுக்குவார்கள். தென்னாப்பிரிக்காவில் வெளியீட்டு அலகுக்கு அரசு பல்கலைக்கழகத்துக்கே மானியம் தருகிறது. கட்டுரைகள் பெருகின, கூடவே இந்த நறுக்கலும் போலி இதழ்களும் பற்றிய கவலையும் பெருகியது. கொடுப்பதென்றால் தரவுக் கோப்பை ஒழுங்காக வைத்திருப்பவருக்கும், அடுத்தவர் முன்மொழிவைப் படித்து மூன்று பக்கம் திருத்தம் எழுதித் தருபவருக்கும் கொடுங்கள்.

இதழ்கள் கிடைக்கவில்லை என்ற புலம்பல் அங்கே தேவையற்றது. வருமானம் குறைந்த நாடுகளுக்கு ஆய்விதழ்களைத் திறந்துவிடும் ரிசர்ச்ஃபார்லைஃப் திட்டத்தில் எத்தியோப்பியா ஏ பிரிவில் இருக்கிறது, நிறுவனத்துக்குக் கட்டணமே இல்லை. அதன் தொகுப்புகளான ஹினாரி, அகோரா, ஓஏஆர்ஈ, ஏஆர்டிஐ, கோஅலி ஐந்துக்கும் ஒரே பதிவு. பெரும்பாலும் பதிவு ஏற்கெனவே இருக்கும், கடவுச்சொல் மாறிப்போன நூலகரோடு போயிருக்கும். அதை மீட்டெடுங்கள். சுவரொட்டியிலோ டெலிகிராம் குழுவிலோ போடாதீர்கள். யாராவது ஒரு முழு இதழின் எல்லாக் கட்டுரைகளையும் ஒரே இரவில் இறக்கினால் பதிப்பகம் மொத்த வளாகத்தையும் பூட்டிவிடும்.

வெளியீட்டுக் கட்டணத்தில் நம்மவர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய முழுத் திறந்த அணுக்க இதழ்கள் பல, எத்தியோப்பியக் கட்டுரையாசிரியருக்குக் கட்டணத்தை முழுதாகத் தள்ளுபடி செய்கின்றன. ஆனால் அதை அனுப்பும்போதே கேட்க வேண்டும், ஏற்றபின் கேட்டால் பல இடங்களில் கிடைக்காது. சில பதிப்பகங்கள் எல்லாக் கட்டுரையாசிரியர்களின் முகவரியையும் பார்க்கும். ஒரு வரி கூட வேலை செய்யாத நண்பரின் பெயரை இந்தியக் கல்லூரி முகவரியோடு சேர்த்தால் தள்ளுபடி போய்விடலாம். அந்தப் பெயரைச் சேர்ப்பதே முறையற்றது என்பது வேறு. சந்தா இதழ்களில் கட்டணமில்லாத வழி பெரும்பாலும் இருக்கிறது. வேதியியலுக்கு எத்தியோப்பிய வேதியியல் சங்கத்தின் புல்லட்டின் நல்ல இடம், அதைத் தாழ்வாக நினைக்காதீர்கள்.

கடைசியாக, ஒப்பந்தம் முடிந்து கிளம்பும் வழிகாட்டிகள். உங்கள் ஐவரில் மூவர் இரண்டாண்டில் போய்விடுவார்கள். ஒவ்வொரு மாணவருக்கும் முதல் நாளிலேயே உள்ளூர் ஆசிரியர் ஒருவரை இணை வழிகாட்டியாகப் போடுங்கள், முனைவர் பட்டம் இல்லாவிட்டாலும் சரி. கட்டுரையாசிரியர் வரிசையைத் தரவு சேகரிக்கும் முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மாணவரே முதல் கட்டுரையாசிரியர். வாய்மொழித் தேர்வு முடிந்து 90 நாளில் அவர் வரைவு தராவிட்டால் இணை வழிகாட்டி எழுதலாம், பெயர் வரிசை மாறாது என்றும் அதில் இருக்கட்டும். கிளம்புகிறவரின் கிளியரன்ஸ் படிவத்தில் நூலகப் புத்தகம், சாவி என்று இருக்கும் வரிசையில் இன்னும் மூன்று வரி சேருங்கள்: மூலத்தரவுக் கோப்பு, ஆய்வகக் குறிப்பேடு, உறைபெட்டியில் இருக்கும் மாதிரிகளின் பட்டியல்.

துறைவாசி

கிளியரன்ஸ் படிவத்தை நாளைக்கே துறைக்குழுவில் வைக்கிறேன், வரும் ஆகஸ்டில் ஒருவர் கிளம்புகிறார். புதன் கூட்டத்தின் முதல் வாரத்துக்கு எங்கள் நைட்ரேட் அளவீட்டில் வரும் பிளாங்க் கோளாறையே எடுத்துக்கொள்கிறோம்.