தெற்குத்தெரு சொந்தங்கள் குரூப்: கார்த்தி டிக்கெட் போட்டாச்சா?

செல்வி அத்தை: கார்த்தி, டிக்கெட் போட்டியா இல்லையா? திருக்கடையூர்ல ரூம் சொல்லணும். தை 20 கிட்ட வந்துருச்சு

கார்த்தி அண்ணா: அத்தை ஒரு சிக்கல். ஹூஸ்டன் கோர்ட்லேர்ந்து ஜூரி டியூட்டி. கொலைக் கேஸ். மரண தண்டனை கேக்குறாங்களாம். ஆள் பொறுக்கவே வாரக்கணக்கா இழுப்பாங்க

செல்வி அத்தை: உங்கப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம்டா

ரவி மாமா: யாரு யாரைக் கொன்னா?

கார்த்தி அண்ணா: கேஸ் பத்தி வாய் திறக்கக் கூடாது மாமா. ஜட்ஜ் உத்தரவு

பிரியா: லீவு சொல்ல முடியாதா அண்ணா

சுந்தரம் சித்தப்பா: எல்லாரும் முழுசாகப் படிக்கவும். நம் ஊரில் தண்டனை ஜட்ஜ் கையில். கார்த்தி இருக்கும் டெக்சாஸில் பொதுமக்களில் பொறுக்கிய 12 பேர் ஜூரி. குற்றவாளி என்று முடிவான பிறகு தண்டனைக்குத் தனி விசாரணை. 12 பேரும் ஒத்துக்கொண்டால்தான் மரணம். ஒருத்தர் முரண்டு பிடித்தாலும் பரோல் இல்லாத ஆயுள். அதனால் யாரை உட்கார வைப்பது என்பதிலேயே பாதிச் சண்டை. மனசாட்சி உறுத்துகிறது என்பதற்காக மட்டும் ஒருவரைத் தள்ளக் கூடாது என்று 1968-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஆனால் எந்தக் கேஸானாலும் சாவுக்கு ஓட்டுப் போடவே மாட்டேன் என்பவரை வீட்டுக்கு அனுப்பலாம். (தொடரும்)

ரவி மாமா: அப்ப வழி கெடச்சிருச்சு. மாட்டவே மாட்டேன்னு சொல்லிட்டு ஃபிளைட் ஏறு

செல்வி அத்தை: அதான். எமனை உதைச்ச கோயிலுக்கு வர வேண்டியவன் இன்னொருத்தனுக்கு எமனா உக்காரலாமா

பிரியா: 😂😂 அத்தை

கார்த்தி அண்ணா: சத்தியம் பண்ணிட்டு பதில் சொல்லணும். போடுவேனா மாட்டேனான்னு எனக்கே தெரியல

ரவி மாமா: தூக்குல போட்டா என்னடா தப்பு. ராசு மச்சானை வெட்டினவன் 14 வருசத்துல வெளிய வந்து கடைத்தெருவுல டீ குடிக்கிறான்

பிரியா: மாமா, கனகம் பெரியம்மா இந்த குரூப்ல இருக்காங்க

ரவி மாமா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

சுந்தரம் சித்தப்பா: (தொடர்ச்சி) அங்கே தூக்கு இல்லை, ஊசி. 1982-லிருந்து டெக்சாஸில் மட்டும் 590 பேருக்கு மேல். அலபாமாவில் 2022-ல் ஒருவருக்கு ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் நள்ளிரவில் கைவிட்டார்கள். அதே ஆளை 2024 ஜனவரியில் முகமூடி மாட்டி நைட்ரஜன் வாயு கொடுத்து முடித்தார்கள்.

ஜெயா சித்தி: சாப்பாட்டுத் தட்டு முன்னாடியும் இவர் இப்படித்தான். சமையல்காரர் அட்வான்ஸ் கேக்குறார், யார் குடுக்குறது?

பாலு சித்தப்பா: போன கல்யாணத்துக்கு நான் குடுத்ததே இன்னும் வரல

ஜெயா சித்தி: அதை இங்கதான் பேசணுமா

சுந்தரம் சித்தப்பா: (தொடர்ச்சி 2) அதே டெக்சாஸில், வீட்டுக்குத் தீ வைத்து மூன்று பெண் குழந்தைகளைக் கொன்றதாக அப்பனுக்கு 2004-ல் ஊசி போட்டார்கள். தீ வைத்த அடையாளம் என்று காட்டியது எதுவும் அறிவியல்படி நிற்காது என்று நிபுணர்கள் பின்னால் எழுதினார்கள். எழுதி என்ன? ஆள் போயாச்சு.

ரவி மாமா: நெசமாவே செஞ்சவனும் இருக்கான்ல

கனகம் பெரியம்மா: வாய்ஸ் மெசேஜ் (0:41)

பிரியா: ஆபீஸ்ல இருக்கேன். யாராவது கேட்டுச் சொல்லுங்களேன்

செல்வி அத்தை: அன்னைக்கு வக்கீல் கேட்டப்ப அண்ணி தூக்கு வேணும்னு சொல்லலையாம். இப்ப அவனை டீக்கடையில பாக்குற அன்னைக்கு சொல்லியிருக்கலாமோன்னு இருக்காம். மறுநாள் இல்லன்னு இருக்காம். கார்த்தியைப் பொய் சொல்லிட்டு வரச் சொல்லாதீங்கங்கிறாங்க

கார்த்தி அண்ணா: சரி பெரியம்மா

கோபால் பெரியப்பா: வர்றியா இல்லையா, அதச் சொல்லு

கார்த்தி அண்ணா: திங்கக்கிழமை கூப்பிட்டுக் கேப்பாங்கப்பா. முதல்ல ஜட்ஜ்கிட்ட உங்க விசேஷத்தைச் சொல்லிப் பாக்குறேன்

ஜெயா சித்தி: அறுபதாம் கல்யாணத்தை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்லுவ

செல்வி அத்தை: நான் எத்தனை ரூம் சொல்றது?

பிரியா: ஒண்ணு சேத்தே சொல்லுங்க அத்தை

பாலு சித்தப்பா: அதுக்கும் அட்வான்ஸ் உண்டா?