ஐ3-ஆ, ஐ7-ஆ: குறைந்த பட்ஜெட் கேமிங் பிசிக்கு ப்ராசஸர் வாங்கப் போன கதைகள்

அம்பத்தூர் மாமா:
அக்கா பையனுக்கு. மானிட்டர் போக நாற்பதாயிரம், வேலரண்ட்டும் ஜிடிஏ 5-உம் ஓடினால் போதும் என்றான். ரிச்சி தெருவில் ஒரு கடையில் நுழைந்ததும் கலர் கலராக விளக்கு எரிகிற கேபினெட்டைக் காட்டி, "ஐ7 சார், 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, எல்லாம் சேர்த்து இருபத்திரண்டுதான்" என்றார்கள். பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. உள்ளே போய்ப் பார்த்தால் ஐ7-2600, 2011-இல் வந்த சரக்கு. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், இது இரண்டாம் தலைமுறை. குறுக்கு வழியில் ஏற்றினாலும் வேலரண்ட் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் எங்கே என்று கேட்டு நின்றுவிடும். "ஐ3-12100எஃப் போதும்டா" என்றேன். கடையில் இருந்தவர் சிரித்துவிட்டார். பையன் சிரிக்கவில்லை. "மூணு எப்படி மாமா ஏழை விடப் பெருசு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டான் பாருங்கள், அதற்கு அந்த இடத்தில் ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. இரண்டிலும் வேலை செய்யும் கோர் நான்கு, ஒரே நேரத்தில் எடுக்கும் வேலை, அதாவது த்ரெட், எட்டுதான். ஆனால் ஒரு கோரின் வேகம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, நடுவில் பத்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. அதைப் பன்னிரண்டாவது முடித்த பையனுக்கு அந்த நெரிசலில் எப்படிச் சொல்ல?

வேறு கடையில் 12100எஃப், எச்610 மதர்போர்டு, செகண்ட் ஹேண்ட் ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு என்று எடுத்தோம். ஜம்மென்று ஓடுகிறது. ஆனால் நண்பர்கள் என்ன ப்ராசஸர் என்று கேட்டால் "இன்டெல்" என்று மட்டும் சொல்கிறானாம்.

நெல்லைக்காரன்:
என்னிடம் ஏஎம்டியின் ரைஸன் 5 5600ஜி ப்ராசஸர். கிராபிக்ஸ் கார்டுக்குக் காசில்லை, அதனால் உள்ளேயே வேகா என்ற கிராபிக்ஸ் இருக்கிற இதை எடுத்தேன். கேம் திக்கித் திக்கி ஓட, பார்க்கிற எல்லோரும் ப்ராசஸரையே திட்டினார்கள். கேபினெட்டைத் திறந்தால் கடைக்காரர் 16 ஜிபி ரேமை ஒரே குச்சியாகப் போட்டிருக்கிறார். வேகாவுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமில்தான் பிழைப்பு, ஒரே குச்சி என்றால் பாதி வழி அடைத்த மாதிரி. அதைக் கொடுத்துவிட்டு இரண்டு 8 ஜிபியாக மாற்றினேன். அதே ப்ராசஸர், அதே கேம், பார்த்துக்கொண்டிருந்த என் தம்பி "புதுசா என்ன வாங்கின?" என்று கேட்டான்.

வெள்ளவத்தை:
தம்பி கொழும்பு யூனிட்டி பிளாசாவில் ஐ5-12400எஃப் ப்ராசஸர் எடுத்தவன். கார்ட் அடுத்த மாதச் சம்பளத்தில் வாங்கலாம், அதுவரை சும்மா ஓடட்டும் என்ற எண்ணம். இரவு பதினொரு மணிக்கு எனக்குக் கோல் எடுக்கிறான். விசிறி சுத்துது, படம் வரேல்லை. கேபிளை மாத்தி, டீவியில் குத்தி, ரேமைக் கழட்டிப் பூட்டி எல்லாம் பார்த்தாச்சு. பின்னால் அப்பாவின் சத்தம், "பழுதான சாமானைத் தந்து ஏமாத்திட்டாங்கள், விடியவே போவம்" என்று. பெட்டியில் எழுதியிருப்பதை வாசி என்றேன். தனி கிராபிக்ஸ் கார்ட் தேவை என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கு. எஃப் என்று முடிகிற ப்ராசஸரில் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. அவன் அதை வாசித்து முடித்த பிறகு போனில் ஒரு சத்தமும் இல்லை, அப்பா மட்டும் இன்னும் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

பெங்களூர்வாசி:
@அம்பத்தூர் மாமா, ஐ7-ஐத் தவிர்த்தது சரி, அதற்காக நான்கு கோருக்குப் போயிருக்க வேண்டாம். இன்றைய பெரிய கேம்களில் சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) நன்றாகத் தெரியும், ஆனால் நகரத்துக்குள் வேகமாக ஓட்டும்போது சட்டென்று உலுக்கும், அது சராசரியில் தெரியாது. ரைஸன் 5 5600 எடுத்திருந்தால் ஆறு கோர்.

என் கதை சின்னது. எஸ்பி ரோட்டில் நண்பனுக்கு வாங்கும்போது 5600 கையிருப்பில் இல்லை, "5500-உம் அதேதான் சார், நம்பரில் வெறும் நூறு கம்மி" என்றார்கள். அதேதான் இல்லை. 5600-இல் எல்3 கேஷ், அதாவது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி, 32 எம்பி, 5500-இல் 16. இன்னொன்றை யாரும் சொல்வதில்லை: கார்டுக்குப் போகும் பாதை 5500-இல் பிசிஐஇ 3.0 மட்டும்தான், 4.0 தரும் பி550 போர்டாக இருந்தாலும் அவ்வளவுதான். நண்பனிடம் ஏற்கெனவே இருந்தது ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி. அந்தக் கார்டு இந்தப் பாதையில் நான்கே லேனில் ஓடுவது, மெமரியும் 4 ஜிபி. அது நிரம்பியதும் மிச்சத்தை ரேமிலிருந்து இழுக்க வேண்டும், இழுக்கிற பாதையோ பாதி. செட்டிங்ஸில் டெக்ஸ்ச்சரை ஏற்றினால் படம் நின்று நின்று வரும்.

ஆகவே வாங்குபவர்கள் கவனிக்க. கார்டு எது என்று முடிவு செய்துவிட்டு ப்ராசஸருக்கு வாருங்கள். பி450 போர்டு பழைய ஸ்டாக் என்றால் ரைஸன் 5000 வரிசைக்கு பயாஸ் (போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட் வேண்டும், பில் போடும் முன்பே கடையில் செய்யச் சொல்லி டிஸ்ப்ளே வருவதைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ரேம் 3200 என்று வாங்கினால் மட்டும் போதாது, பயாஸில் எக்ஸ்எம்பி என்ற செட்டிங்கைப் போட்டால்தான் அந்த வேகத்துக்கு வரும். பவர் சப்ளையில் கஞ்சத்தனம் வேண்டாம், கேபினெட்டோடு இலவசமாக வருவதைத் தொடவே வேண்டாம். அப்புறம் விளக்கு எரிகிற ஃபேனுக்குக் கொடுக்கிற காசை...

அம்பத்தூர் மாமா:
யாரும் கேட்கவில்லையே சார். 5600 எடுத்திருந்தால் 6600-க்குப் பதில் ஏதோ ஒரு 4 ஜிபி கார்டுதான் கிடைத்திருக்கும், நீங்கள் சொன்ன அதே சிக்கல் வேறு வழியாக வந்திருக்கும். ஆறு கோர் வேண்டுமென்றால் அதே எச்610-இல் பிற்பாடு ஒரு ஐ5 போட்டுக்கொள்வான், பயாஸ் அப்டேட் செய்தால் 14-ஆம் தலைமுறை வரை ஏற்கும்.

திருச்சி:
ப்ராசஸர் எது என்பதில் எனக்குச் சண்டை இல்லை, ஏஎம்4 சாக்கெட் ரைஸன்களில் பின்கள் ப்ராசஸரின் அடியில் இருக்கின்றன என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். செகண்ட் ஹேண்டில் ரைஸன் 5 3600 வாங்கப் போனேன், விற்பவர் என் கண்முன்னே கூலரை நேராக மேலே இழுத்தார், லீவர் பூட்டியபடியே இருக்க ப்ராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. நடுவில் காய்ந்த தெர்மல் பேஸ்ட் அப்படிப் பிடித்திருக்கிறது. டப் என்று ஒரு சத்தம். இரண்டு பேரும் அதைத் திருப்பிப் பார்க்கவே பயந்தோம். கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, இப்படியும் அப்படியும் திருகிவிட்டுத் தூக்கியிருந்தால் வந்திருக்கும்.

ஓரமாகச் சில பின்கள் சாய்ந்திருந்தன. 0.5 மைக்ரோடிப் பென்சிலின் முனைக்குள் விட்டு ஒவ்வொன்றாக நிமிர்த்தினார், கை நடுங்கியது. விலையில் பாதியைக் குறைத்துக்கொண்டு எடுத்து வந்தேன். ஓடுகிறது, ஒரு பக்கத்து ரேம் ஸ்லாட்டை மட்டும் எடுப்பதில்லை.