நம் நெல் விலைக்கு ஜெனீவாவில் என்ன வேலை?

மன்னார்குடி விவசாயி:
கொள்முதல் நிலையத்தில் குறுவை நெல்லைக் கொட்டிவிட்டுக் காத்திருக்கிறேன். அரசு விலை வைத்து இந்த நெல்லை வாங்குவதை, ஜெனீவாவில் இருக்கும் உலக வர்த்தக அமைப்பு மானியக் கணக்கில் எழுதுகிறது. அந்தக் கணக்கைப் பாருங்கள். இன்றைய ஆதரவு விலையை 1986-88 காலத்து உலக விலையோடு ஒப்பிட்டு, வித்தியாசம் முழுவதும் மானியம் என்கிறார்கள். அது உற்பத்தி மதிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாதாம். அன்றைக்கு நடவுக் கூலி என்ன, டீசல் என்ன விலை? பணக்கார நாடுகளோ, உற்பத்தியோடு ஒட்டாத நேரடித் தொகை என்று வரம்பே இல்லாமல் கொடுக்கலாம்.

கும்பகோணம் ரைஸ்மில்:
அண்ணே, அந்தப் பழைய விலை அநியாயம்தான். ஆனால் அதனால் உங்கள் மூட்டை ஒன்றாவது திரும்பி வந்ததா? 2013இல் அந்த அமைப்பின் பாலி மாநாட்டில் வாங்கிய விலக்கு இருக்கிறது, வரம்பு தாண்டினாலும் அதற்காக வழக்குப் போடாமல் காக்கிற விலக்கு. 2018-19இல் அரிசிக்கு வரம்பு தாண்டியபோது இந்தியா அதைக் காட்டித்தான் தப்பித்தது. எங்களை அடித்தது வேறு. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதியை நிறுத்தினார்கள், அடுத்த மாதமே புழுங்கலுக்கு 20 சதவீத வரி. தடை நீங்க 2024 செப்டம்பர் ஆனது. இரண்டுமே டெல்லி போட்ட உத்தரவு.

திருவாரூர் மாணவி:
இரண்டு பேருமே 1995இல் உலக வர்த்தக அமைப்பு வருவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்பதை விட்டுவிட்டீர்கள். 1947இல் 23 நாடுகள் காட் என்ற வர்த்தக ஒப்பந்தம் போட்டன, இந்தியாவும் அதில் ஒன்று. தனி அமைப்பு ஒன்றும் வர வேண்டியிருந்தது, அமெரிக்க நாடாளுமன்றம் ஏற்காததால் அது நின்றுபோனது. காட் காலத்தில் வழக்கில் தோற்ற நாடே தீர்ப்பைத் தடுத்துவிடலாம். 1995க்குப் பிறகு, எல்லா நாடுகளும் சேர்ந்து மறுத்தால் ஒழியத் தீர்ப்பு நிற்கும். சின்ன நாட்டுக்கு இதைவிடப் பெரிய பிடிமானம் கிடையாது. அதைத்தான் குலைத்துவிட்டார்கள். மேல்முறையீட்டு அமைப்புக்கு உறுப்பினர்களை நியமிக்க அமெரிக்கா விடவில்லை, 2019 டிசம்பரிலிருந்து அது செயல்படவில்லை.

மன்னார்குடி விவசாயி:
அந்த ஓட்டை நமக்கு உதவியதே, அம்மா! கரும்பு மானியத்தை எதிர்த்து பிரேசில், ஆஸ்திரேலியா, குவாத்தமாலா போட்ட வழக்கில் 2021 டிசம்பரில் நமக்கு எதிராகத் தீர்ப்பு. நாம் மேல்முறையீடு செய்தோம், விசாரிக்க ஆளில்லை, அப்படியே கிடக்கிறது.

திருவாரூர் மாணவி:
ஐயா, நாளைக்கு நம் அரிசியை ஒரு பெரிய நாடு விதியை மீறி மறித்தால், நாம் ஜெயித்தாலும் அவர்களும் இதே வழியில் போவார்கள். அப்போது யாரிடம் போவது?

கும்பகோணம் ரைஸ்மில்:
இதுதான் என் பயமும். ஏற்றுமதி செய்கிறவனுக்கு விதி வேண்டும், நடுவர் வேண்டும்.

மன்னார்குடி விவசாயி:
சரி, நடுவர் வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் பாலியில் 2017க்குள் நிரந்தரத் தீர்வு என்று சொன்னார்கள், இன்னும் வரவில்லை. விலக்கை நம்பி எத்தனை போகம் விதைப்பது? முதலில் அந்த 1986 விலையை மாற்றி எழுதட்டும், அப்புறம் நடுவரை உட்காரவைப்போம். என் நெல்லைத் தூற்றக் கூப்பிடுகிறார்கள், போய்விட்டு வருகிறேன்.