இவ்வளவு ஆழமான திருகோணமலையில் சேராத சுங்கம் துறைமுகமே இல்லாத தரங்கம்பாடியில் எப்படிச் சேர்ந்தது?

உவர்மலையான்:

போன வருடம் அப்பாவின் அறுபதாம் கலியாணத்துக்காகத் திருக்கடையூர் போனோம். சடங்கு காலையிலேயே முடிந்துவிட்டது, தரங்கம்பாடி பக்கத்தில்தானே என்று ஆட்டோ பிடித்து டென்மார்க்காரரின் கோட்டையைப் பார்க்கப் போனோம். கோட்டைக்கு முன்னால் கடல், அவ்வளவுதான். குடா இல்லை, முனை இல்லை, கப்பல் ஒதுங்க ஓர் இடமும் இல்லை. பக்கத்தில் இருக்கிற மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பக்கத்தை அலையே கொண்டுபோய்விட்டது. அந்த வெறும் கரையில் 1620 முதல் 1845 வரை, 225 வருடம், ஒரு சின்ன அரசாங்கம் இருந்து காசு அடித்து, சுங்கம் வாங்கி, கப்பலும் விட்டிருக்கிறது.

நான் பிறந்து வளர்ந்தது திருகோணமலை உவர்மலையில். எங்கள் மொட்டைமாடியில் நின்றால் உட்துறைமுகம் தெரியும். உலகத்தின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று சின்ன வயதிலேயே மனப்பாடம். அப்படியென்றால் வணிகமும் வரியும் இங்கேதானே கொட்டியிருக்க வேண்டும்? ஏன் எங்கள் ஊரைப் பற்றிக் கதைத்தாலே பீரங்கியும் போர்க்கப்பலும்தான் வருகின்றன? அங்கிருந்து வந்ததிலிருந்து இதே யோசனைதான். தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கோ.

கொட்டியாரக்குடா:

தம்பி, அந்த டென்மார்க்காரர் முதலில் வந்து கேட்டது எங்கள் ஊரைத்தான். 1620 இல் டென்மார்க் கடற்படைத் தலைவர் ஓவே ஜெட்டே கப்பல்களோடு இலங்கைக்கு வந்து, கண்டி அரசன் செனரத்தோடு ஒப்பந்தம் பேசி, திருகோணமலையில் கோட்டை போடவும் முயன்றார். சரிவரவில்லை. அதே வருடம் நவம்பரில் தஞ்சாவூர் இரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடி கிடைத்தது, வருடக் குத்தகை 3,111 ரூபாய். இங்கே போர்த்துக்கேயர் 1624 இல் கோணேசர் கோயில் கல்லைப் பெயர்த்தே கோட்டை கட்டினார்கள், அதை நான் சொல்லத் தேவையில்லை.

சரி, உங்கள் கேள்வி. ஆழம் கப்பலுக்கு வேண்டும், ஆனால் சுங்கத்துக்கு வேண்டியது சாமான். தரங்கம்பாடிக்குப் பின்னால் காவிரிப் படுகையின் நெல், சுற்றிவர நெசவுகாரர் ஊர்கள். கப்பல் வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும், ஆணியில்லாமல் கயிற்றால் பலகையைத் தைத்துக் கட்டிய சலங்கு என்ற படகு அலையைத் தாண்டிப்போய்த் துணிப்பொதியை ஏற்றும். ஏறுவதும் இறங்குவதும் ஒரே மணலில் என்றால் எண்ணி வரி வாங்குவதும் இலகு.

அதற்காக எங்கள் பக்கம் வணிகமே இருக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். 1659 புயலில் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், புது மரம் வெட்டத் திருகோணமலைக்குத் தெற்கே மூதூர்ப் பக்கத்துக் கொட்டியாரத்துக்கு வந்தபோது பரங்கிப்பேட்டை வணிகர் சிலரும் அதில் ஏறி வந்தார்கள். அங்கே வியாபாரம் நடக்கும் என்று தெரிந்துதானே வந்திருப்பார்கள்! (அந்தக் கப்பலில் வந்தவர்தான் ரொபேர்ட் நொக்ஸ். 1660 இல் பிடிபட்டு ஏறக்குறைய 20 வருடம் கண்டி ராச்சியத்தில் கிடந்தார்.) கண்டிக்குக் கொட்டியாரம் ஒரு வாசல். பாக்கு வெளியே போகும், துணியும் அரிசியும் உள்ளே வரும். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) 1660களில் திருகோணமலையையும் கொட்டியாரத்தையும் பிடித்து அந்த வாசலைச் சாத்தினார்கள். பாக்கு அவர்களின் ஏகபோகமானது, இந்திய வள்ளங்களுக்கு அனுமதிச் சீட்டு கட்டாயமானது. 1766 ஒப்பந்தத்தோடு கண்டிக்குக் கரையே இல்லாமல் போனது. சாத்தின வாசலில் நின்று யாரிடம் சுங்கம் வாங்குவது?

சோளகம்:

அண்ணை சொன்னதில் காற்று விடுபட்டுவிட்டது. ஐப்பசியில் வாடை பிடித்தால் சோழமண்டலக் கரையில் கப்பல் நிற்பது உயிராபத்து. நாகப்பட்டினம், தரங்கம்பாடி, புதுச்சேரி, சென்னை எல்லாமே திறந்த கரை. பெரிய கடற்படை வாடையிலும் ஒதுங்கி நிற்கக்கூடிய இடம் இந்தப் பக்கத்தில் திருகோணமலைதான், விட்டால் பம்பாய்க்குத்தான் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அதனால் இதைப் பிடித்தவன் எல்லாம் வியாபாரத்துக்காகப் பிடிக்கவில்லை, மற்றவன் கையில் போகக்கூடாது என்பதற்காகப் பிடித்தான்.

1782 ஐ மட்டும் பாருங்கள். ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள், ஆகஸ்டில் பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரன் ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார். எட்டே மாதத்தில் மூன்று கொடி. எந்த வணிகன் தன் பொதியை இங்கே கொண்டுவந்து இறக்குவான்? அந்த வருடங்களில் டென்மார்க் யாரோடும் சண்டையில் இல்லை. அந்தக் கொடியோடு போனால் சாமான் பத்திரமாகப் போய்ச்சேரும் என்று எல்லோரும் தரங்கம்பாடியைத் தேடினார்கள். ஆங்கிலக் கொம்பனி உத்தியோகத்தர்களே இந்தியாவில் சேர்த்த பணத்தை டென்மார்க் கப்பல்கள் மூலம் ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். எங்கள் துறைமுகத்தை நாசமாக்கிய அதே சண்டைதான் அந்த வெறும் கரைக்கு வருமானம் கொடுத்தது, அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரியும்.

அப்புறம் 1795 இல் ஆங்கிலேயர் மறுபடி பிடித்து 1957 வரை கடற்படைத் தளமாகவே வைத்திருந்தார்கள். அதற்கிடையில் கொழும்பில் 1875 இல் அலைதடுப்புச் சுவருக்குக் கல் வைத்து, தேயிலை மலைக்குக் கிட்ட ஒரு செயற்கைத் துறைமுகத்தையே உண்டாக்கிவிட்டார்கள். வணிகம் அங்கே போய்விட்டது.

மூதூர் டீச்சர்:

தரங்கம்பாடி ஏதோ 225 வருடமும் செழித்தது என்று பிள்ளைகள் யாரும் நினைத்துவிடக் கூடாது. 1640 முதல் 1669 வரை டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பலும் வரவில்லை. தங்கள் வணிகக் கொம்பனியையே கலைத்துவிட்டார்கள். கோட்டையில் மிஞ்சியிருந்த சில பேர் வங்காளக் கப்பல்களைக் கடலில் மறித்துப் பறித்துத்தான் காலம் தள்ளினார்கள். அதையும் சுங்கம் என்று சொல்ல முடியுமா?

அங்கே போனவர்கள் அந்தக் காசைப் பார்த்திருப்பீர்கள். முதலில் ஈயத்தில் அடித்தார்கள், பிறகு செம்பில், மேலே டென்மார்க் ராசாவின் பெயரெழுத்து. 80 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். சந்தைக்கு வரும் கிழவி கையிலும் புழங்கின சில்லறை அது, இதை வைத்துத்தான் நான் வகுப்பில் பிள்ளைகளுக்குக் கணக்கே போட்டுக் காட்டுவேன்.

இன்னொன்று, போட்டி. தரங்கம்பாடிக்குத் தெற்கே கொஞ்சத் தூரத்தில் 1739 முதல் பிரெஞ்சுக்காரரின் காரைக்கால், அதற்கும் கீழே 1781 வரை ஒல்லாந்தரின் நாகப்பட்டினம். தரங்கம்பாடியில் வரியைக் கூட்டினால் வணிகர் மாட்டுவண்டியைத் திருப்பிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகலாம். சுங்கம் தவிர்த்த சோழன் என்று குலோத்துங்கனுக்குப் பட்டம் கொடுத்த மண் அது, வரியின் பாரம் வணிகருக்கு எப்போதுமே தெரியும். எங்கள் கரையிலோ ஒல்லாந்தரை விட்டால் வேறு வாசல் இல்லை.

நடுநிலை போனதும் டென்மார்க்காரர் கதையும் முடிந்தது. 1801 இல் ஒருமுறை, 1808 இல் மறுபடி, ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1845 இல் வங்காளத்தில் அவர்கள் வைத்திருந்த செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டார்கள். 1861 இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் மிச்சமிருந்த வியாபாரமும் அங்கே இறங்கிவிட்டது.

உவர்மலையான்:

எல்லோருக்கும் நன்றி. பரங்கிப்பேட்டை வணிகர் கொட்டியாரத்துக்கு வந்த கதை எனக்குப் புதிது. இத்தனை தரம் மூதூர் போயிருக்கிறேன், யாரும் சொன்னதில்லை. டீச்சர், நொக்ஸ் பிடிபட்ட இடம் இப்போதும் அடையாளம் தெரியுமா?

மூதூர் டீச்சர்:

ஓம், நினைவுக்கல் ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரன் மரம் நின்ற இடம் என்று கேட்டால் ஊரில் காட்டுவார்கள். வெயிலுக்கு முன்னம் காலையில் வாங்கோ, அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ.